மாற்று உறுப்போடு உடற்பயிற்சி வகுப்புக்குப் போகும்போது

உறுப்பு மாற்று சிகிச்சை முடிந்து பயிற்சிக்கு வருகிற பலரும் சொல்வது ஒன்றுதான்: பலம் அப்புறம், முதலில் பயம் தெளியவேண்டும். இரண்டு மாடி ஏறினால் தொடை நடுங்குகிறது; புது உறுப்புக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று உட்கார்ந்துவிடுகிறோம். விஷயம் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்தால், ஸ்டீராய்டு மாத்திரை இடுப்பு, தொடைத் தசைகளைத் தளர்த்தும் என்பதை அங்கேயே விளக்கிவிடுவார்.

முதல் நாள் பெரும்பாலும் அளவெடுப்புதான். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறோம், 30 விநாடியில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறோம் என்று பார்ப்பார்கள். இரண்டையும் குறித்து வாங்கி வையுங்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் பி.பி. பட்டை கட்டவே விடக்கூடாது. எவ்வளவு எடை, எப்போதிலிருந்து தூக்கலாம் என்பதை அறுவை சிகிச்சை செய்தவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது.

இதய மாற்று செய்தவர்கள் துடிப்பு காட்டும் கைக்கடிகாரத்தை நம்பிப் பயிற்சி செய்யக்கூடாது. புது இதயத்துக்கு நரம்புத் தொடர்பு அறுபட்டிருப்பதால், சும்மா இருக்கும்போதே துடிப்பு 90, 100 என்று ஓடும். நடக்கத் தொடங்கினாலும் உடனே ஏறாது. ரத்தத்தில் அட்ரினலின் கூடின பிறகே மெல்ல ஏறும், நிறுத்தினாலும் மெல்லத்தான் இறங்கும். அதனால் தொடக்கத்திலும் முடிவிலும் 10 நிமிடமாவது மெதுநடை. நெஞ்சுவலி என்ற எச்சரிக்கையும் வராமல் போகலாம். எனவே நமக்கு எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதை ‘போர்க்’ (Borg) என்ற 6 முதல் 20 வரையான அளவுகோலில் சொல்லிப் பழகவேண்டும். ஆரம்பத்தில் 11 முதல் 13 போதும். அந்த அளவில் பேச முடியும், பாட வராது. இது தெரியாத பயிற்சியாளர் ‘துடிப்பு இன்னும் ஏறவில்லையே’ என்று டிரெட்மில் வேகத்தைக் கூட்டுவார். தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் பி.பி. எகிறும், வயிற்றுத் தழும்பில் புடைப்பு தெரிந்தால் குடலிறக்கமாக இருக்கலாம், உடனே காட்டவேண்டும். தசைவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வேண்டவே வேண்டாம். புது உறுப்பை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குக் கேடு. தசை வளர்க்க விற்கும் கிரியேட்டின் பொடியும் அப்படியே தள்ளவேண்டியது. முந்தின நாள் கடும் பயிற்சி செய்து, தண்ணீரும் குறைந்திருந்தால் சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையில் ஏறிக் காட்டலாம். பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும்போது அதைச் சொல்லிவிடுங்கள். மருந்தின் அளவு பார்க்கக் காலை மாத்திரைக்கு முன்பே ரத்தம் எடுப்பார்கள்; கொடுத்துவிட்டு நேராகப் பயிற்சிக்கு ஓடுகிறவர்கள் காலை டாக்ரோலிமஸை மறந்துவிடலாம். பையிலேயே ஒரு வேளை மாத்திரை இருக்கட்டும்.

காய்ச்சல், திடீர் எடை ஏற்றம், நுரையீரல் மாற்று என்றால் கருவியில் ஊதிப் பார்க்கும் மூச்சு அளவில் சரிவு: இவற்றில் எது வந்தாலும் அன்று பயிற்சி இல்லை, மருத்துவருக்குத் தகவல்.

பலருக்கும் உள்ள மனக்குறை, இந்த வகுப்பு சட்டென்று முடிந்துவிடுகிறது என்பதுதான். வாரம் 2, 3 நாள் என்று சில மாதம் ஓடும். அப்புறம் கேட்க ஆளில்லாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். பாதி வாரங்கள் கடந்ததுமே ஒரு நாளை வீட்டுப் பயிற்சியாக மாற்றித் தரச் சொல்லுங்கள். தடுமாறினால் திருத்த இன்னும் வகுப்பு இருக்கும்.