விக்டர் பேரேட்டில் தேதி தேடுபவர்களுக்கு

அமெரிக்க விக்டர் கம்பெனியின் பழைய இசைத்தட்டின் லேபிளில் இருக்கும் எண்ணை வைத்துப் பதிவுத் தேதியைச் சொல்ல முடியாது. அது வெறும் விற்பனை எண். கம்பெனிப் பேரேடு, அதாவது பதிவுகளைக் குறித்துவைத்த கணக்குப் புத்தகம், மேட்ரிக்ஸ் எண்படி (பதிவுக்குக் கொடுத்த எண்) ஓடும். அதன் முன்னெழுத்து தட்டின் அளவு: ஏ என்றால் 7 அங்குலம், பி 10, சி 12. அதே பாடகர் அதே பாட்டைத் திரும்பப் பாடினால் பொதுவாக மேட்ரிக்ஸ் மாறாது. பின்னால் -1, -2 என்று டேக் (எத்தனையாவது முறை பதிந்தது) மட்டும் ஏறும். கழித்துக்கட்டிய டேக்குகளும் பேரேட்டில் உண்டு, அதுதான் அதன் அருமை.

லேபிள் எண் 18255-ஐ எடுங்கள். ஒரிஜினல் டிக்ஸிலாண்ட் ஜாஸ் பேண்டின் தட்டு. பேரேட்டில் பி-19331, பி-19332. நியூயார்க், 26 பிப்ரவரி 1917. இங்கே இரண்டு பக்கமும் ஒரே நாள். எல்லாத் தட்டுக்கும் அப்படி எழுதிவிடாதீர்கள்! 1908-இல் இருபக்கத் தட்டு வந்ததும், பழைய ஒருபக்கப் பதிவுகளையும் ஜோடி சேர்த்து விற்றார்கள்.

டேக் எண்ணுக்கு லேபிளை நேராக வைத்து, 9 மணி முள் பக்கம், வரிகள் முடிந்த வழவழப்பான இடத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். அந்த வழவழப்பான வளையத்தில் எங்காவது முட்டை வடிவத்துக்குள் 'வி.இ.' தெரிந்தால் மைக் வைத்த பதிவு, 1925-க்கு முந்தியதாக இருக்காது. 10 அங்குலத் தட்டானால் பேரேட்டில் 'பிவிஇ' என்று தேடவும்.