55ஐ வாங்கி 52இல் மாட்டிய கதை

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வளவு மாமரத்தில் முசுறுச் சிலந்தியின் முகம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. முன்னால் இருக்கிற இரண்டு பெரிய கண்ணும் கூர்மை. கண்ணைச் சுற்றிய மயிரைத் தனித்தனியாக எண்ணலாம். இருநூற்றுச் சொச்சம் படம் எடுத்ததில் தேறியது நாலு. அந்த நாலுக்காக நான்கு மாதமாகப் பட்ட பாட்டை எழுதி வைக்காவிட்டால் எனக்கே மறந்துவிடும்.

முசுறுச் சிலந்தி என்பது நான் வைத்த பெயர். விஞ்ஞானப் பெயர் மிர்மாப்ளாட்டா பிளாட்டலியோய்டெஸ். முசுறு எறும்பின் வேஷம் போட்டுக்கொண்டு திரிகிற குதிக்கும் சிலந்தி. அதே செம்மண் நிறம், அதே ஒடுங்கிய இடுப்பு, தலையின் இரு பக்கமும் எறும்புக் கண் மாதிரி கறுப்புப் பொட்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்பு போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும். இலையைத் தட்டினால்தான் குட்டு உடையும்: முசுறு கடிக்க வரும், இது நூலில் தொங்கிக் கீழே இறங்கும். மொத்த நீளம் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர். எனக்கு வேண்டியது அந்த ஒரு சென்ரிமீற்றரின் முகம்.

கமரா பழைய நிக்கோன் டி3300. கூடவே வந்தவை 18-55 லென்ஸும் 55-200 லென்ஸும். மிகக் கிட்டப்போய்ப் பெரிதாக எடுக்கும் மக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லை என்பதால் முன்னால் மாட்டும் குளோஸ்-அப் கண்ணாடி நாலு அடங்கிய பெட்டி ஒன்றுக்கு ஓடர் போட்டேன். +1, +2, +4, +10: எண் கூடக் கூடப் பெரிதாகக் காட்டும். எந்த அளவு என்று கேட்டிருந்தது. லென்ஸில் 18-55 என்று பெரிதாக எழுதியிருக்கிறதே, 55 என்று போட்டேன்.

பார்சல் வந்தது, மாட்டிப் பார்த்தேன், புரி பிடிக்கவேயில்லை. திருப்பித் திருப்பி அரை மணித்தியாலம். காத்தான்குடியில் கமரா, போன் எல்லாம் திருத்துகிற நானா ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். லென்ஸை வாங்கி ஒரு பார்வைதான் பார்த்தார். "தம்பி, 55 எண்டது அது எவ்வளவு தூரம் இழுக்கும் எண்டது. வட்டத்துக்கு குறுக்கால கோடு போட்ட நம்பர் ஒண்டு கிடக்கும், அதத்தான் பாக்கணும்." பார்த்தேன். 52. மூடியின் உட்பக்கத்திலும் 52 என்றே அச்சடித்திருந்தது. நாலு வருடமாகக் கழற்றிப் பூட்டுகிற மூடி!

எனக்கு மட்டும் நடந்த கூத்து இல்லை இது. நிக்கோனே இதில் குழப்படி செய்து வைத்திருக்கிறது: ஏஎஃப்-எஸ் வகை 18-55க்கு 52, பின்னால் வந்த ஏஎஃப்-பி வகை 18-55க்கு உண்மையிலேயே 55. என்னுடையது பழையது. நல்ல காலம், 55-200க்கும் 52தான். நானாவிடம் 52இலிருந்து 55க்கு ஏற்றும் மெல்லிய வளையம் ஒன்று கிடந்தது. சில்லறைக் காசு. மாட்டியதும் பெட்டி முழுக்க உயிர் பெற்றது. (கெனன் வைத்திருப்பவர்களுக்கு: மச்சானின் 1300டியோடு வந்த 18-55க்கு 58. அவனுடைய 55-250க்கும் 58. ஒரே கண்ணாடி இரண்டிலும் ஏறும்.)

சரி, ஏறியது, படம் எப்படி? 200இல் வைத்து +4 போட்டால் பரவாயில்லை. +10 போட்டால் கண்றாவி. நடுவில் ஓரளவு தெளிவு, ஓரத்துக்குப் போகப் போக எல்லாம் கரைந்த மெழுகு. அதைவிடக் கொடுமை நிறம்: சிலந்தியின் ஒவ்வொரு மயிருக்கும் ஒரு பக்கம் ஊதாக் கரை, மறுபக்கம் பச்சைக் கரை. ஒற்றைக் கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது, அதுதான் காரணம். இரண்டு விதக் கண்ணாடியை ஒட்டிச் செய்கிற அக்ரோமட் வகையில் இந்தக் கரை பெரும்பாலும் அடங்கிவிடும். +1, +2, +4 மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டி +7 ஆக்கியும் பார்த்தேன். ஆறு கண்ணாடி மேற்பரப்பு, அத்தனையிலும் எங்கள் கல்லடிக் கடற்காற்றின் உப்புப் பூச்சு. படம் பனிமூட்டம்.

அடுத்த தவறு 50 லென்ஸ். கொழும்பில் பழைய சாமான் விற்கிற ஒருவரிடம் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 டி மலிவாக இருந்தது, இரவு பஸ்ஸில் பார்சலாக வந்தது. மாட்டினால் ஓட்டோ ஃபோகஸ் அசையவில்லை. லென்ஸ் பழுது என்று விற்றவரோடு தொலைபேசியில் சண்டை போட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, பழுது எனக்குத்தான். டி வகை லென்ஸுக்குள் மோட்டர் இல்லை, கமராவுக்குள் இருக்கிற மோட்டர்தான் அதைத் திருப்ப வேண்டும். டி3000, டி5000 வரிசை உடல்களில் அந்த மோட்டர் கிடையாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன், அது வேறு கதை. நிக்கோனின் தொடக்க நிலைக் கமராவுக்குப் பழைய லென்ஸ் தேடுபவர்கள், உள்ளே மோட்டர் உண்டு என்று சொல்லும் ஏஎஃப்-எஸ் என்ற எழுத்தைப் பார்த்து வாங்குங்கள். டாம்ரோனின் பழைய 90 மக்ரோவிலும் மோட்டர் இல்லாதது, உள்ளது என்று இரண்டு வகை சந்தையில் சுற்றுகின்றன.

ஆனால் அந்த 50ஐ விற்க மனம் வரவில்லை. அதில் வெளிச்சம் நுழையும் துவார அளவைக் கையால் திருப்பும் வளையம் இருக்கிறது. கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் பூட்டி லென்ஸைக் கிட்டப் பார்க்க வைக்கும் மலிவான நீட்டுக் குழாய்களில் மின்தொடர்பு இருக்காது. 18-55 மாதிரி வளையமில்லாத லென்ஸை அதில் பூட்டினால் துவாரம் முழுக்கச் சுருங்கி, கண்ணாடிக்குள் அமாவாசை. 50 டியில் அந்தப் பிரச்சினை இல்லை. கமராவை எல்லாம் கையால் வைக்கும் எம்மில் வைத்து, வெளிச்ச அளவுமானி இல்லாமல், குத்துமதிப்பாக எடுக்கலாம். 50 மில்லிமீற்றர் நீட்டினால் 50 லென்ஸ் உயிரளவுக்கு, அதாவது சென்சரில் ஒரு மடங்குக்கு, வந்துவிடும். ஆனால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும், துவார எண் எஃப் 11 என்று வைத்தால் எஃப் 22 மாதிரி நடக்கும். மாமரத்து நிழலில் அது எனக்குச் சரிவரவில்லை. குழாய் இப்போது அலுமாரியில்.

கடைசியில் ரேனொக்ஸ் டிசிஆர்-250. விலையைச் சொல்லமாட்டேன், அம்மா இதை வாசிக்கக்கூடும். அக்ரோமட் வகையைச் சேர்ந்த +8 கண்ணாடி. இரண்டு பக்கமும் அமுக்கிக் கவ்வவிடும் பிடியோடு வருகிறது, 52 முதல் 67 வரை எந்தப் புரியிலும் கவ்வும். முன்பே தெரிந்திருந்தால் 55 பெட்டிக் கதையே நடந்திருக்காது. கணக்கு சுலபம்: லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் விட்டால் குவியத்தூரம் (55, 200 என்கிற எண்) பெருக்கல் டையொப்டர் (அந்த + எண்), வகுத்தல் ஆயிரம். 200 பெருக்கல் 8, வகுத்தல் 1000, ஆக 1.6 மடங்கு. டி3300இன் சென்சர் அகலம் 23.5 மில்லிமீற்றர், அப்படியென்றால் படச் சட்டத்தில் 14.7 மில்லிமீற்றர் அகலம் அடங்கும். சிலந்தி மூன்றில் இரண்டு பங்கை நிரப்பும். அதே +8ஐ 18-55இன் 55இல் போட்டால் 0.44 மடங்குதான், 18 பக்கம் இழுத்தால் மூலையெல்லாம் கறுப்பு. ஆகவே கண்ணாடி வாங்கினால் நீள லென்ஸுக்கு மாட்டுங்கள். இத்தனை நாளும் அந்த 55-200 பையின் அடியில் கிடந்தது. தனியாக அது 1.1 மீற்றருக்குக் கிட்டே போகாது, அதனால் இதற்கு உதவாது என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

உண்மையான தலைவலி மாட்டிய பிறகு தொடங்கியது. +8 என்றால் முடிவிலியில் கண்ணாடிக்கும் சிலந்திக்கும் இடையில் 12.5 சென்ரிமீற்றர், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூர்மையாக விழும் ஆழம் அரை மில்லிமீற்றரைக்கூட எட்டாது. ஓட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்துவிட்டுக் கைவிரிக்கும். 55-200இல் தூரக் குறியும் கிடையாது. ஆகவே முதல் நாள் பின்னேரம் வாவிக்கரைக்குப் போய், 200இல் வைத்து, அக்கரை விளக்கு ஒன்றை ஓட்டோவில் பிடித்து, அப்படியே லென்ஸின் பொத்தானைக் கையால் ஃபோகஸ் செய்யும் எம்முக்குத் தள்ளிவிட்டேன். ஃபோகஸ் வளையம் அசையாமல் இருக்க அதன்மேல் ரேப் ஒட்டினேன். ஒரு ஈர்க்கை 12.5 சென்ரிமீற்றருக்கு வெட்டி அளவுகோலாக வைத்துக்கொண்டேன். தூரம் கைக்குப் பழகும் வரைக்கும் அந்த ஈர்க்குத்தான் என் ஓட்டோ ஃபோகஸ்.

அப்படியும் இரண்டு வாரம் எல்லாம் மங்கல். கச்சான் காற்று எட்டு மணிக்கே எழும்பிவிடும், இலை ஆடினால் அரை மில்லிமீற்றருக்கு எங்கே போவது? முக்காலி போட்டேன், கமரா அசையவில்லை, இலை அசைந்தது. துணிக் கிளிப்பால் கிளையைக் கம்பில் கட்டினேன். அதிர்ச்சியில் சிலந்தி நூல் விட்டு இறங்கியது. கடைசியில் கைகொடுத்தது இதுதான்: இடது கையின் இரண்டு விரலால் இலைக்காம்பைப் பிடித்து, லென்ஸை அதே கையின் மணிக்கட்டில் சாய்த்தேன். இலை ஆடினால் கையும் ஆடும், கை ஆடினால் லென்ஸும் ஆடும், இடைவெளி மாறாது. பிறகு வளையத்தைத் தொடவே கூடாது. மூச்சை மெல்ல விட்டுக்கொண்டு உடம்பை முன்னால் சாய்த்து, கண்ணில் மினுக்கம் தெரிகிற நொடியில் அமுக்க வேண்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஐந்தாறு படம். இந்த முறையின் ஒரே குறை, காம்பைப் பிடித்திருக்கிற கையில் முசுறு ஏறும். சிலந்தி வேஷம், முசுறு வேஷமில்லை. மணிக்கட்டு வீங்கியதைப் பார்த்த அடுத்த வளவு அம்மம்மா, "என்ன மனே, விடிய வெள்ளன மரத்துக்குள்ள நிண்டு யாரோட சண்ட?" என்றார்.

வெளிச்சத்துக்குக் கமராவின் சொந்த ஃபிளாஷ்தான். எஃப் 16, 1/200 செக்கன், ஐஎஸ்ஓ 200. நீள லென்ஸின் நிழல் அப்படியே சிலந்திமேல் விழும், அதனால் பால்மா பைக்கற்றின் வெள்ளி உட்பக்கத்தைக் குழாயாகச் சுருட்டி, வெளிச்சத்தை லென்ஸ் முனை வரை கொண்டுவந்து, குழாயின் வாயில் பட்டம் கட்டும் வெள்ளைத் தாளை இரண்டு மடிப்பாக ஒட்டினேன். ஒரு மடிப்பில் சிலந்தியின் கண்ணில் வெள்ளைப் புள்ளி குத்தியது. மூன்று மடிப்பில் இருட்டு. இரண்டுதான் சரி. பைக்கற்றைக் கழுவாமல் சுருட்டாதீர்கள். எறும்பு வரும், வேண்டாத எறும்பு.

பழைய லென்ஸ் தேடுபவர்களுக்கு ஒரு சொல்: எங்கள் பக்கத்து ஈரத்துக்கு ஃபங்கஸ் கட்டாயம் பாருங்கள். போன் டோர்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்பக்கத்தால் பார்த்தால், சிலந்திவலை மாதிரி கிளை கிளையாகத் தெரியும். எனக்கு வந்த 50இன் ஓரத்தில் ஒரு சின்னக் கிளை இருக்கிறது. சண்டை போட்டவரிடம் மறுபடி எந்த முகத்தோடு சொல்வது என்று விட்டுவிட்டேன்.

இனி ஆண் சிலந்தி வேண்டும். ஆணுக்குத் தாடை தலையைவிட நீண்டு முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், பக்கவாட்டில் எடுக்க வேண்டும். தாடை நீளத்தையும் சேர்த்தால் 1.6 மடங்கில் சட்டத்துக்குள் அடங்காது, ஸூமை 135 அளவுக்கு இறக்க வேண்டிவரும். மாரி தொடங்கினால் படுவான்கரை வயல்களில் ஊசித்தும்பி. அதற்கு +4 போதும், 25 சென்ரிமீற்றர் தள்ளி நிற்கலாம். டிசிஆர்-150ஐ யாராவது விற்றால் சொல்லுங்கள், அது +4.8.

அதற்கு முதல் ஒரு சில்லறை வேலை கிடக்கிறது. 52-55 வளையம் 55-200இன் முனையில் இறுகிவிட்டது. உப்போ, நான் இறுக்கியதோ தெரியவில்லை. ரப்பர் பட்டி சுற்றித் திருப்பினேன், வரவில்லை. ரேனொக்ஸ் வளையத்தின்மேலும் கவ்வுகிறது என்பதால் படத்துக்குப் பிரச்சினையில்லை, ஆனால் பழைய மூடி பூட்டாது. இன்று நானாவுக்குத் தொலைபேசி எடுத்து 55 மூடி ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன். "தம்பி, வட்டத்துக்கு குறுக்கால கோடு போட்ட நம்பர பாத்தீங்களா?" என்றார்.