கேட்காத கைகளுக்கு ஒரு கோட்பாடு

ஜூலை 3
ஆய்வுத் தலைப்பு ஒருவழியாக முடிவாகிவிட்டது: சந்தேகம் வந்தும் மாணவர்கள் வகுப்பில் ஏன் கேட்பதில்லை? நெறியாளர் தலையசைத்த கையோடு, "எந்தக் கோட்பாட்டை வைத்துப் பார்க்கப் போகிறாய்?" என்றார். "படித்துவிட்டுச் சொல்கிறேன் மேடம்" என்று நழுவிவிட்டேன்.

ஜூலை 5
மாட்டிவிட்டது என்று துள்ளினேன். நோயல்-நியூமன் என்ற ஆய்வாளர் 1974இல் முன்வைத்த மௌனச் சுழல் கோட்பாடு. பெயரிலேயே மௌனம் இருக்கிறதே! ராத்திரி உட்கார்ந்து படித்ததும் காற்று இறங்கிவிட்டது. தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர், ஒதுக்கப்படுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வதைப் பேசுகிறது அது. "இந்த மூன்றாம் வரி எப்படி வந்தது?" என்பது கருத்தா என்ன?

ஜூலை 9
அய்சனின் திட்டமிட்ட நடத்தைக் கோட்பாடு (1991). மனப்பான்மை, சுற்றியிருப்பவர்களின் எதிர்பார்ப்பு, தன்னால் முடியும் என்ற உணர்வு: இவை சேர்ந்து எண்ணமாகும், எண்ணம் செயலாகும். வினாநிரல் தயாரிக்கும் முறைகூட வகுத்து வைத்திருக்கிறார்கள். 1 முதல் 7 வரை வட்டமிடச் சொன்னால் போதும். "இதையே எடுடி, சீக்கிரம் முடியும்" என்றாள் தோழி. மேடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "நாளைக்குக் கேட்டே தீருவேன் என்று வந்தவள் கேட்காமல் போனால், அந்த நிமிஷத்தை இதில் எங்கே பார்ப்பாய்?"

ஜூலை 14
படித்தது போதும் என்று, அனுமதி வாங்கி ஒரு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். "புரிந்ததா?" என்றார் ஆசிரியர். மூன்றாம் வரிசையில் ஒரு கை தோள் வரை எழுந்தது. தலை இடமும் வலமும் திரும்பியது. அந்தக் கை அப்படியே காதுப்பக்கம் போய் முடியை ஒதுக்கிவிட்டுக் கீழே இறங்கியது.

அப்புறம் அவளிடம் பேசினேன். "எல்லாருக்கும் புரிஞ்ச மாதிரி இருந்துச்சுக்கா. நான் மட்டும் கேட்டா முகத்தை எங்க வெச்சுக்கிறது?" பக்கத்தில் இருந்தவளுக்கும் புரியவில்லையாம்!

ஜூலை 15
அவள் பதிலில் இரண்டு கோட்பாடுகள் இருக்கின்றன. முன்பாதி, எல்லோரும் மற்றவர்களைப் பற்றித் தப்புக்கணக்குப் போடும் பன்மை அறியாமை. கட்ஸும் ஆல்போர்ட்டும் 1931இல் பெயர் வைத்தது. 1987இல் மில்லரும் மெக்ஃபார்லண்டும் புரியாத கட்டுரையொன்றை மாணவர்களிடம் கொடுத்து இதைச் சோதித்தும் விட்டார்கள். பின்பாதி, சமூகவியலாளர் கோஃப்மன் 1955இல் எழுதிய 'முகம்': பிறர் முன் நாம் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும் மதிப்பு. (நமக்கு இதை மொழிபெயர்க்கவே வேண்டாம்.)

இரண்டையும் எடுக்கலாமே என்று ஆசை. ஆனால் முன்னதை எடுத்தால், புரிந்ததா, எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும் என்று சீட்டில் எழுதி வாங்கி இரண்டையும் ஒப்பிட வேண்டும். பின்னதை எடுத்தால் கையையும் தலையையும் பார்க்க வேண்டும். ஒரு பருவத்துக்குள் இரண்டும் ஆகாது. என்னை இழுத்தது அந்தக் கைதான். சரி, கோஃப்மன்.

ஜூலை 17
குறிப்பேட்டில் கட்டம் போட்டுக் காட்டினேன்: எழுந்த கை, திரும்பிய தலை, கை போய்ச் சேர்ந்த இடம். மேடம் பார்த்துவிட்டு, "கையே எழாதவளை எங்கே எழுதுவாய்?" என்றார்.

நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். தலைப்பு இன்னும் எழுதவில்லை.