வி.டி. 220 டெர்மினலில் டயல்-அப் வேலை செய்யவில்லையா?

இணைப்பு கிடைக்கவில்லை என்றதும் பழி டெலிபோன் லைன் மேல்தான் விழும். டெக் நிறுவனம் 1983-ல் கொண்டுவந்த வி.டி. 220 போன்ற டெர்மினல்களில் (தூரத்துக் கம்ப்யூட்டரோடு பேச உதவும் திரையும் விசைப்பலகையும்) கோளாறு பெரும்பாலும் அதற்கு முன்பே, டெர்மினலுக்கும், டெலிபோன் லைன் வழியே தகவலை அனுப்பி வாங்கும் மோடத்துக்கும் நடுவில் கிடக்கும் கேபிளிலோ செட்-அப்பிலோ இருக்கும். முதலில் அதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எஃப்3 தட்டி செட்-அப் திரைக்குப் போய் 'டேட்டா லீட்ஸ் ஒன்லி' வைத்து, அடிப்பதை டெர்மினல் தானே திரையில் காட்டும் லோக்கல் எக்கோவை அணைத்து, 'ஆன் லைன்' ஆக்குங்கள். 'மோடம் கன்ட்ரோல்' இருந்தால் டெர்மினல் மோடத்தின் சிக்னலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும், சோதனை பலிக்காது. கேபிளை மோடத்திலிருந்து கழற்றி, 25 பின் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஜெம் கிளிப்பால் சேருங்கள். அடிக்கும் எழுத்து திரையில் வந்தால் டெர்மினலும் அந்த இரண்டு கம்பிகளும் நலம். எதுவுமே வராவிட்டால் எஃப்1-ஐ ஒருமுறை தட்டிப் பாருங்கள். அது திரையை நிறுத்தி வைக்கும் விசை. தெரியாமல் கை பட்டிருக்கலாம்.

இந்தச் சோதனையில் ஓர் ஓட்டை உண்டு. மோடத்துக்கு நேர் கேபிள்தான் வேண்டும், ஆனால் 2-ம் 3-ம் மாறிய நல் மோடம் கேபிளும் இதில் தேறிவிடும். கிளிப்பை எடுத்துவிட்டு மல்டிமீட்டரின் கறுப்பு முனையை 7-லும் (கிரவுண்ட்) சிவப்பை 2-லும் வையுங்கள். எதுவும் அடிக்காதபோது மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வோல்ட் காட்ட வேண்டும். அந்த அளவு 3-ல் வந்தால் கேபிளை மாற்றுங்கள்.

இனி மோடத்தைச் செருகி மோடம் கட்டளைகளின் தொடக்கமான 'ஏடி'-யை ஆங்கிலத்தில் அடித்து ரிட்டர்ன் தட்டினால் 'ஓகே' வர வேண்டும். பிறகு 'ஏடி&டி0' கொடுத்துவிட்டால், டெர்மினல் தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் டி.டி.ஆர். கம்பி சரியில்லாததால் மோடம் தானே லைனைத் துண்டிக்கும் தொல்லை போகும். தகவல் வரத்தை நிறுத்தவும் தொடரவும் வி.டி. 220-க்கு எக்ஸ்-ஆன், எக்ஸ்-ஆஃப் என்ற எழுத்துக் குறிகள்தான் தெரியும். மோடம் இதையே தனிக் கம்பிகளால் செய்யும் ஆர்.டி.எஸ்., சி.டி.எஸ். முறையில் இருந்தால் நீண்ட பட்டியல் ஓடும்போது வரிகள் தொலையும். பல மோடங்களில் 'ஏடி&கே4' இதற்கு மருந்து. வரிகளை மெல்ல நகர்த்தும் ஸ்மூத் ஸ்க்ரோலையும் அணைத்து ஜம்ப் ஸ்க்ரோல் வையுங்கள்.

'கனெக்ட்' என்ற சொல் ஒழுங்காக வந்து, அதன்பின் எல்லாம் குப்பையாக வருகிறதா? லைனைக் குறை சொல்லாதீர்கள். பழைய மோடங்கள் விநாடிக்கு 1200 பிட் வேகத்தில் இணைந்தால் டெர்மினல் பக்கத்து வேகத்தையும் 1200-க்கு இறக்கிவிடும். டெர்மினலோ 9600-லேயே நிற்கும். டெர்மினலை 1200-க்கோ 2400-க்கோ முதலிலேயே இறக்கிவிட்டு, அந்த வேகத்திலேயே 'ஏடி' அடித்து டயல் செய்வதுதான் எந்த மோடத்திலும் செல்லுபடியாகும் வழி.

குப்பையிலும் வகை உண்டு. ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஏ, பி இரண்டுமே தலையில் குறியிட்ட ஏ-யாக வந்து, சி மட்டும் சரியாக வந்தால் அது பாரிட்டி, அதாவது பிழை சரிபார்க்கும் கூடுதல் பிட்டின் கோளாறு. எதிர்முனை 7 பிட், ஈவன் பாரிட்டியில் (ஒன்றுகளின் எண்ணிக்கையை இரட்டையாக்கும் முறை) அனுப்புகிறது. இங்கே 8 பிட், பாரிட்டி இல்லாமல் வாங்குகிறோம். ஏ, பி இரண்டிலும் மூன்று ஒன்றுகள் இருப்பதால் எட்டாவது பிட் ஏறிவிடுகிறது. சி-யில் நான்கு, அதனால் தப்பிக்கிறது. செட்-அப்பில் ஈவன் பாரிட்டிக்கு மாற்றினால் போதும். சும்மா இருக்கும்போதே எழுத்துகள் தூவினாற்போல் விழுந்தால் மட்டும் லைன் இரைச்சல் என்று எண்ணலாம்.

'நோ டயல்டோன்' வந்தால் 'ஏடிஎக்ஸ்3' கொடுங்கள். டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். அலுவலக எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போகும் லைனுக்கு இது அவசியம். வெளி லைனுக்கான எண்ணுக்குப் பின் ஒரு காற்புள்ளி போட்டால் மோடம் இரண்டு விநாடி பொறுத்து மீதியை அழைக்கும். மறுமுனையின் சீழ்க்கை காதில் விழுந்தும் 'நோ கேரியர்' என்று முடிந்தால் இணைப்புக்காக மோடம் எத்தனை விநாடி காத்திருக்கும் என்பதைக் குறிக்கும் எஸ்7-ஐ 60-க்கு உயர்த்துங்கள். லைன் இன்டர்நெட் வழி ஓடுவதானால் டெலிபோன் அடாப்டரில் ஒலியை டிஜிட்டலாக மாற்றும் முறையாக ஜி.711 கோடெக் மட்டும் வைத்து, அமைதியான நேரத்தில் ஒலி அனுப்பாமல் விடும் சைலன்ஸ் சப்ரஷனை அணைத்து, 2400-க்கு மேல் போகாதீர்கள். அதுவும் அறுந்தால் 300-க்கு இறங்குங்கள்.