ஒரு வணக்கத்துக்குள் ஓர் இனத்தின் பெயர்

வெனிஸில் நாங்கள் தங்கியது கஸ்தெல்லோ பகுதியில், கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில். படியிறங்கினால் எதிரிலேயே நின்றபடி காபி குடிக்கும் சின்னக் கடை. முதல் நாள் காலை ஏழு மணி இருக்கும். தள்ளுவண்டியை வெளியே நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். கல்லாவில் இருந்த அம்மா கையில் இருந்த கோப்பையைத் துடைத்துக்கொண்டே, "ச்சாவ்!" என்றார்.

எனக்குப் பக்கென்றது. விடிந்ததும் விடியாததுமாக அப்படி ஒரு சொல் விழுந்தால் தமிழ்க் காது பதறத்தான் செய்யும். அது இத்தாலியில் பார்த்தாலும் பிரிந்தாலும் சொல்லும் வணக்கம். எனக்கு அவர் சொன்னது "புவோன்ஜோர்னோ", அதாவது "நல்ல நாள்". பழகியவர்களுக்குத்தான் ச்சாவ், முன்பின் தெரியாதவர்களுக்கு அந்த உரிமை கிடையாது. மூன்றாம் நாள் நான் கிளம்பும்போது எனக்கும் ஒரு ச்சாவ் கிடைத்தது. அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது.

இன்று இத்தாலி முழுக்க, இத்தாலியைத் தாண்டியும் புழங்கும் இந்தச் சொல் பிறந்தது வெனிஸில்தான். வெனிஸ் பேச்சுமொழியில் "ஸ்-சாவோ வோஸ்த்ரோ" என்றால் "உங்கள் அடிமை". எதிரே வருபவருக்கு மரியாதையாகச் சொல்வது. 18ஆம் நூற்றாண்டு நாடகாசிரியர் கார்லோ கோல்தோனியின் பாத்திரங்களும் இப்படி வணங்கி விடைபெறுவதுண்டு. சொல்லிச் சொல்லித் தேய்ந்து, "உங்கள்" உதிர்ந்து, மிஞ்சியது ச்சாவ்.

இதைப் படித்தபோது எனக்கு ஸ்ரீரங்கம்தான் கண்முன் வந்தது. வைணவப் பெரியவர்கள் எதிர்ப்பட்டால் கைகூப்பி "அடியேன்" என்பார்களே, அதே பொருள்! இரண்டு சொல்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் ஒருவரைக் கண்டதும் தன்னைத் தாழ்த்திக்கொள்ளத் தோன்றுகிற மனசு இரண்டு ஊரிலும் இருந்திருக்கிறது.

வேறுபாடு ஒன்று உண்டு. அது எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடியேன் என்பதில் இருப்பது அடி, திருவடி. வெனிஸ்காரர்களின் சொல்லில் இருப்பது ஓர் இனத்தின் பெயர்.

ரோமானியர் காலத்து லத்தீனில் அடிமைக்கு "செர்வுஸ்" என்று பெயர். இடைக்காலத்தில் கிழக்கு ஐரோப்பாவின் ஸ்லாவிய மக்களைப் போர்களில் பிடித்து, மத்தியதரைக் கடல் சந்தைகளில் விற்றார்கள். அந்த வியாபாரத்தில் வெனிஸ் வணிகர்களுக்கும் பெரும் பங்கு. விற்கப்பட்டவர்களில் ஸ்லாவியர் அவ்வளவு பேர் இருந்ததால், கிரேக்கத்தில் "ஸ்க்லாவோஸ்", லத்தீனில் "ஸ்க்லாவுஸ்" என்றிருந்த அவர்களின் இனப்பெயரே அடிமை என்ற பொருளுக்கு மாறிப்போனது. ஆங்கிலத்தின் ஸ்லேவ், பிரெஞ்சின் எஸ்க்லாவ், ஜெர்மனின் ஸ்க்லாவெ எல்லாம் அதன் பிள்ளைகள். ச்சாவும் அதே வீட்டுப் பிள்ளைதான்.

சான் மார்க்கோ சதுக்கத்திலிருந்து கிழக்கே நீளும் அகலமான கடல்கரைப் பாதைக்கு "ரீவா தேல்யி ஸ்கியவோனி" என்று பெயர். ஸ்லாவியர் கரை. ஏட்ரியாட்டிக் கடலின் எதிர்க்கரையான டால்மேஷியாவிலிருந்து (இன்றைய குரோஷியாவின் கரையோரம்) வந்த ஸ்லாவிய வணிகர்கள் படகு கட்டிய இடம். அங்கிருந்து சில நிமிட நடையில் அவர்கள் 1451இல் தொடங்கிய சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. இருண்ட மரக்கூடம். சுவரின் மேற்பகுதி முழுக்க வெனிஸ் ஓவியர் கர்பாச்சோவின் ஓவியங்கள். குதிரைமேல் புனித ஜார்ஜ், அவர் ஈட்டி முனையில் டிராகன், கீழே மண்ணில் அது தின்று மிச்சம் வைத்த உடல்கள். இன்னொன்றில் கிறித்தவ அறிஞர் புனித அகஸ்தீனின் படிப்பறை; தரையில் தனியாக உட்கார்ந்து அவரைப் பார்க்கும் ஒரு வெள்ளை நாய்க்குட்டி. அந்த நாய்க்குட்டிக்காகவே அரை மணி நேரம் நின்றேன். வெனிஸுக்குப் போகிறவர்கள் இந்தக் கூடத்தைத் தவறவிடக் கூடாது.

வெனிஸுக்கு முன்னால் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் இரண்டு நாள் இருந்தோம். அங்கே நண்பர்கள் பார்த்தாலும் பிரிந்தாலும் "செர்வுஸ்". அதே பழைய லத்தீன் அடிமை! ஹங்கேரியில் அது "செர்வுஸ்", "சியா" என்று ஆகியிருக்கிறது. ஸ்வீடனில் "ஷேனா" என்கிறார்கள். பணியாள் என்று பொருள்படும் சொல்லின் சுருக்கம். நம் பள்ளி விடுப்புக் கடிதத்தில் "தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவன்" என்று எழுதினோமே, அதற்கும் இது தூரத்து உறவு. ஆங்கிலேயர் கடிதங்களை முடித்த பாணி அப்படியே நம் நோட்டுக்கு வந்தது.

வெனிஸிலிருந்து லுப்லியானாவுக்குப் பஸ்ஸில் போனோம். ஏறக்குறைய நாலு மணி நேரம். ஸ்லோவேனியாவின் தலைநகர். நாட்டின் பெயரே ஸ்லாவியர் பெயர்தான். அந்த இனப்பெயருக்கு மூலம் "ஸ்லோவோ", அதாவது சொல், என்பது பரவலான கருத்து: பேச்சு புரிகிறவர்கள், நம் மொழிக்காரர்கள். ரஷ்யனிலும் செக்கிலும் ஸ்லோவோ இன்றும் சொல்தான். ஸ்லோவேனிய மொழியிலோ அதன் பொருள் நகர்ந்து, விடைபெறுதல் என்று ஆகிவிட்டது.

மாலையில் மூன்று பாலங்கள் சேரும் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் போனில் பேசி முடித்தாள். "ச்சாவ், ச்சாவ், ச்சாவ்!" மூச்சுவிடாமல் மூன்று தடவை. ஸ்லோவேனியாவில் மட்டுமா, செக், செர்பியா, பல்கேரியா வரை இளசுகள் வாயில் இந்தச் சொல்தான். எந்த மக்களின் பெயரை அடிமைக்குப் பெயராக்கினார்களோ, அந்த மக்களின் பேரப்பிள்ளைகள்.

மறுநாள் காலை ரொட்டிக் கடையில் விடைபெறும்போது எனக்கு நாக்கில் அது வரவில்லை. மனப்பாடம் செய்து வைத்திருந்த "நஸ்வீதென்யே"யைச் சொன்னேன். ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த பையன், "ச்சாவ்!" என்று கையசைத்தான்.