இழுவைமடியை விட்டுவிட என்ன வேண்டும்?

தமிழக, இலங்கை மீனவர்களிடையேயான பாக் நீரிணைத் தகராறை வெறும் எல்லைக்கோட்டுப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். நம் படகுகள் கடலடியை வாரிச் சுருட்டப் பயன்படுத்தும் இழுவைமடி வலைதான் அடிப்படைக் காரணம். இலங்கைப் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் மீனவர்களின் வலைகளை அறுப்பதும் அதுதான். அவர்களும் நம் தமிழர்கள்.

2017-ல் இலங்கை இழுவைமடியைத் தடை செய்தது. அதே ஆண்டு நாகை, தஞ்சை உள்ளிட்ட மாவட்டங்களுக்கு இழுவைமடிக்கு மாற்றாக ஆழ்கடல் படகுத் திட்டம் வந்தது. அப்போது படகு விலை 80 லட்சம் ரூபாய்: மத்திய மானியம் 40, மாநில மானியம் 16, வங்கிக் கடன் 16, மீனவர் பங்கு 8.

அந்த 8 லட்சத்தைப் புரட்டினாலும் சிக்கல் தீராது. சூரை மீனுக்கு ஆயிரங்கால் தூண்டில் (நீண்ட கயிற்றில் வரிசையாகக் கட்டிய தூண்டில்கள்) போட நாள்கணக்கில் கடலில் கிடக்கணும். டீசல், ஐஸ், இரை எல்லாம் முன்பணம். தொழிலும் புதுசு. முதல் இரண்டு நடை, அதாவது கடல் பயணம், மீன் படாவிட்டால் கடன் தவணை நிற்கும், பழைய மடிக்கே திரும்புவார்கள். மானியத்தோடு பயிற்சியும் முதல் வருட நடைச்செலவும் சேர்த்துக் கொடுங்கள்.