மாப்பிள்ளை வாங்கி வந்த ரோஜா

நங்கநல்லூரில் எங்கள் வீட்டு வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் இடையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் கொஞ்சம் மண் தப்பிப் பிழைத்திருக்கிறது. தெருவில் மற்ற எல்லாரும் சிமெண்ட் பூசிக் கார் நிறுத்திவிட்ட காலத்தில் எங்களுக்கு மட்டும் மண் மிஞ்சியதற்குக் காரணம் சுற்றுச்சூழல் அக்கறை அன்று. அந்த இடத்தில் எங்கள் கார் நுழையாது. இந்த மண்ணைத்தான் ஆங்கிலேயக் கிராமத்துக் குடிசைத் தோட்டமாக மாற்றுவது என்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் நான் முடிவு செய்தேன். சென்னைவாசிகள் தோட்டம் பற்றிய தவறான முடிவுகள் அனைத்தையும் மார்கழியில்தான் எடுக்கிறார்கள். காலையில் லேசான பனி, இதமான வெயில், மழையில் ஊறிய மண்; ஊட்டியே நம் வாசலுக்கு வந்துவிட்டதுபோல் நம்பவைக்கும் மாதம் அது.

குடிசைத் தோட்டத்தின் இலக்கணம் என்னவென்று படித்தேன். பூச்செடி, மூலிகை, காய்கறி எல்லாவற்றையும் வரிசை பார்க்காமல் நெருக்கமாகக் கலந்து நடவேண்டும். சமையலுக்கும் மருந்துக்கும் பயன்படுபவை அழகுச் செடிகளோடு சேர்ந்தே வளரவேண்டும். நடுவில் மணமுள்ள புதர் ரோஜா ஒன்று நிற்கவேண்டும். இதை என் மாமியாரிடம் விரிவாக விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் நின்றிருந்த இடத்தைச் சுற்றிலும் நந்தியாவட்டையும் கறிவேப்பிலையும் கற்பூரவல்லியும் கனகாம்பரமும் தூதுவளையும் இரண்டு கத்தரிச் செடிகளும் வரிசை ஏதும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவை அனைத்தையும் ஆறு ஆண்டுகளாக வளர்த்து வருபவர் அவர்தான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல யோசனைங்க மாப்பிள்ளை" என்றார்.

என் மாமியாரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நிலக்கோட்டைக்கு அருகில் ஒரு பூ விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விடியும் முன் தோட்டத்தில் இறங்கிப் பூப் பறித்துச் சந்தைக்கு அனுப்பிய பின்புதான் பள்ளிக்கூடம் போனவர். ஆனால் மாப்பிள்ளை சொல்வதை மறுத்துப் பேசுவது மரியாதையன்று என்ற கொள்கையை அவர் எந்தச் சூழ்நிலையிலும் கைவிட்டதில்லை. நான் கதவைத் தப்பான பக்கம் தள்ளிக்கொண்டு நின்றால்கூட, "அந்தக் கதவு எப்பவுமே கொஞ்சம் இறுக்கங்க மாப்பிள்ளை" என்றுதான் சொல்வார்.

ரோஜாவுக்காக வெகுநாள் தேடி, கடைசியில் 'கெர்ட்ரூட் ஜீக்கில்' என்ற ரகத்தைத் தேர்ந்தெடுத்தேன். 1843 முதல் 1932 வரை வாழ்ந்த, ஆங்கிலேயத் தோட்டக்கலை மேதையான ஓர் அம்மையாரின் பெயர் அது, டேவிட் ஆஸ்டின் என்ற ரோஜா வளர்ப்பாளர் 1986இல் வெளியிட்ட ரகம், அடர்ந்த இளஞ்சிவப்பு, மணத்துக்குப் புகழ்பெற்றது. ஒரு நாற்றங்காலில் எண்ணூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கினேன். தண்டில் பெயர் பொறித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்று கட்டியிருந்தது. மாமியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்க்காமல், தொட்டிக்கு மேல் நான்கு விரற்கடை உயரத்தில் பிளாஸ்டிக் நாடா சுற்றியிருந்த ஒட்டு முடிச்சையும், அதற்குக் கீழே இருந்த முரட்டு அடித்தண்டையும் வெகுநேரம் பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டிக்கூடப் பார்த்தார். பிறகு, "அடி நல்ல அடிங்க மாப்பிள்ளை" என்றார். அந்த வாக்கியத்தின் பொருள் எனக்கு விளங்க ஒன்பது மாதங்கள் ஆயின.

களிமண்ணைத் தோண்டி எடுத்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்து நிரப்பி, ஆறு மணி நேர வெயில் கிடைக்கும் இடமாகப் பார்த்து நட்டேன். தை மாதத்தில் இரண்டு பூக்கள் பூத்தன. அவற்றை நான் நூற்றுப்பத்துப் படங்கள் எடுத்தேன். மூன்றாவது மொட்டு விரிந்த அன்று, விடியற்காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர் ஒருவர் சுவருக்கு மேலாகக் கையை நீட்டி அதைப் பறித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். அடுத்தவர் வீட்டுப் பூவைச் சாமிக்குப் பறித்தால் திருட்டாகாது என்ற சட்டம் எங்கள் பகுதியில் நெடுங்காலமாக அமலில் இருப்பதால், நான் சன்னலில் நின்று இருமியதோடு சரி.

இதற்குப் பிறகு உரம் வைக்கும் படலம் தொடங்கியது. டீத்தூள் ரோஜாவுக்கு நல்லது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வடிகட்டியில் எஞ்சியதை அப்படியே தினமும் தூரில் கொட்டி வந்தேன். எங்கள் வீட்டில் பாலும் சர்க்கரையும் சேர்த்துத்தான் டீ கொதிக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பத்தே நாளில் எறும்புகள் வந்தன. எறும்புகளின் பாதுகாப்பில் மாவுப்பூச்சிகள் வந்தன. மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றை ஆடு மேய்ப்பதுபோல் பேணி, எதிரிகளை விரட்டும் என்று படித்திருந்தேன். அந்த மேய்ச்சல் நிலத்தை எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு நானே வாங்கிக் கொடுத்தேன் என்பதுதான் வருத்தம். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்து ஒருவாறு மீட்டேன். ஊட்டம் குறைந்திருக்கும் என்று கடலைப் புண்ணாக்கை ஒரு வாளியில் ஊறவைத்து, அலுவலக வேலையில் மறந்துவிட்டேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, பாதாளச் சாக்கடை அடைப்புக்கு நீங்கள் புகார் கொடுத்துவிட்டீர்களா, நான் கொடுக்கட்டுமா என்று கேட்டார். மாமியார் வாளியை ஓசைப்படாமல் மாடிக்கு எடுத்துப்போய், பத்து மடங்கு தண்ணீர் கலந்து எல்லாச் செடிகளுக்கும் ஊற்றினார். அந்த மாதம் கத்தரிச் செடி காய்த்த காய்ப்பு இருக்கிறதே, அதை இன்னும் தெருவில் பேசுகிறார்கள்.

பங்குனியில் இலை விளிம்புகள் கருகத் தொடங்கின. ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் ஒரு காரணம் என்பதால் குடிநீரையே ஊற்றினேன்; வீட்டில் அது குறித்து நடந்த உரையாடலை இங்கே எழுத விரும்பவில்லை. அக்னி நட்சத்திரத்தில் மீனம்பாக்கத்து வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டியபோது, கிளை நுனியில் தொடங்கிய கருமை நாளுக்கு ஓரங்குலமாகக் கீழே இறங்கி ஒட்டு முடிச்சில் வந்து நின்றது. இரவிலும் புழுக்கம் குறையாத ஊரில் அந்த அம்மையார் எத்தனை நாள்தான் தாக்குப்பிடிப்பார்? பட்ட கிளையைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சை என்பதே இல்லை.

ஆனால் முடிச்சுக்குக் கீழே, அடித்தண்டிலிருந்து, நெருக்கமான முள்ளோடு தளதளவென்று ஒரு தளிர் கிளம்பியிருந்தது. இது வேர்ச்செடியின், அதாவது உயர்ரகத்தை ஒட்டுவதற்கு அடியாக வைத்த செடியின் தளிர், ஒட்டுக்குக் கீழே வருவதை உடனே அகற்றவேண்டும் என்பது பாடம். ஒட்டு பட்டுப்போன பின் அகற்றி என்ன ஆகப்போகிறது என்று நான் யோசித்திருக்கவேண்டும்; ஆனால் பாடம் பாடம்தான் என்று கவாத்துக் கத்தரியோடு இறங்கினேன். மாமியார் வாசலில் நின்று, "இன்னிக்கு வெள்ளிக்கிழமைங்க மாப்பிள்ளை, பூச்செடியில கத்தி வைக்கக்கூடாது" என்றார். சரி என்று விட்டேன். அடுத்து நான் இறங்கிய நாள் அமாவாசை. அதற்கடுத்தது செவ்வாய்க்கிழமை. பிறகு ஒரு கிருத்திகை. அதற்கும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையன்று நாட்காட்டியில் ஒரு தடையும் இல்லை என்பதை முன்னிரவே உறுதிசெய்துகொண்டு காலையில் எழுந்தால், கவாத்துக் கத்தரியைக் காணவில்லை. அது அரிசி டப்பாவுக்குள் கிடைத்தபோது தளிர் என் இடுப்புயரம் வளர்ந்திருந்தது.

ஆவணியில் அது மொட்டு வைத்தது. ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்குப் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தேன். வாசல் முழுக்க மணம். திருமண மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும்போது வருமே, அதே மணம். செடியில் ஏழு பூக்கள். இளஞ்சிவப்பில், கலைந்த இதழ்களோடு, உலுக்கினால் உதிர்ந்துவிடும் போல இருந்தன. பன்னீர் ரோஜா!

"அத்தை, இது பன்னீர் ரோஜாதானே? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டேன். "வாங்கிட்டு வந்த அன்னிக்கே அடித்தண்டைப் பாத்தேங்க. எங்க ஊர்ல ஒட்டுக் கட்டுறதுக்கு இதைத்தான் அடியா வைப்பாங்க. நீங்க ஆசையா வாங்கிட்டு வந்ததை நான் எப்படிச் சொல்றது?" என்றார். வெயிலையும் நோயையும் தாங்கும் என்பதால் எட்வர்ட் ரோஜா எனப்படும் இந்தப் பன்னீர் ரோஜாவையே வேர்ச்செடியாக வைத்து உயர்ரகங்களை ஒட்டுவது இங்கே உண்டு. ஒரு போத்தை வெட்டி ஊன்றினாலே வந்துவிடும் செடியை, அதன் தலையில் ஓர் ஆங்கிலேய அம்மையாரை ஏற்றி, அவர் இறங்கும்வரை ஒன்பது மாதம் நான் காத்திருந்திருக்கிறேன்.

தோற்றதை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், இதுவும் நம் நாட்டுச் செடியன்று, டமாஸ்க் ரோஜாவும் சீன ரோஜாவும் கலந்து, இன்று ரீயூனியன் எனப்படும் பூர்பான் தீவில் பிறந்த இனம் என்று தேடிப் படித்து அவரிடம் சொன்னேன். "அப்படிங்களா, எங்க தாத்தா சொல்லவே இல்லையே" என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இப்போது செடி சுவரைத் தாண்டிவிட்டது. உதிர்வதற்குமுன் பறித்த இதழ்களைச் சர்க்கரையோடு மாற்றி மாற்றி அடுக்கிய கண்ணாடிச் சீசா ஒன்று மொட்டைமாடி வெயிலில் குல்கந்தாகிக்கொண்டிருக்கிறது. பட்டுப்போன ஒட்டை நான் அறுத்தெடுத்தபோதும், பெயர் அட்டையை மட்டும் மாமியார் அவிழ்க்கவிடவில்லை. புதுத் தண்டில் மறுபடி கட்டிவிட்டார். போன வாரம் நடைப்பயிற்சிப் பெரியவர் தம்மோடு வந்த நண்பருக்கு அந்த அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டி, "லண்டன் ரகம் சார், என்னதான் சொல்லுங்க, நம்ம ஊர் ரோஜாவுக்கு இந்த வாசனை வராது" என்று விளக்கியபடியே இரண்டு பூக்களைப் பறித்தார். கோலம் போட்டுக்கொண்டிருந்த மாமியார் நிமிர்ந்து, "ஆமாங்க, எங்க மாப்பிள்ளை வாங்கிட்டு வந்தது" என்றார்.